ஒரு சகோதரருக்காக

பிப்ரவரி 3

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான், அம்மா, அப்பா மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழுகிறது. நீயும் அத்தானும் உன் மாமியாரும் சுகமா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை. நம் வீட்டின் முதல் பட்டதாரி பில் போட்டு, பிரேம் துடைத்து, வருகிறவர்களைக் கண் பார்க்கும் அறைக்கு அனுப்புகிறாள். சிரிக்காதே. எனக்குப் பிடித்திருக்கிறது. அதிகம் பேச வேண்டியதில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒன்று கவனித்தேன் அக்கா. நெடுநாள் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றியதும், முகம் சட்டையைக் கழற்றினது போல ஆகிவிடுகிறது. மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம், கண்ணைச் சுற்றி வெளுப்பு. புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்த நேரம் நான் எதையோ துடைப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். முதலாளிகூட, "நல்ல பழக்கம்மா. யாரும் சொல்லித் தராமலே வந்திருக்கு" என்றார்.

இன்னொரு செய்தி. சபையின் இணையப் பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். "படிச்ச பொண்ணு, நீ பாத்துக்கோ" என்றார் போதகர் ஐயா. கூட்டத்தில் ஆமென் சொல்லக்கூட எனக்கு உதடு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுகிறேன். போன வாரம் நான் எழுதிப்போட்ட ஜெபத்தைப் படித்துவிட்டு வாலிபர் குழு அண்ணன், "யாருப்பா இது, கண்ணுல தண்ணி வர வெச்சுட்டாங்க" என்று சபையைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். நான் கடைசி பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாரும் சுகம்" என்று சொன்னாய். சொன்ன விதம் சரியில்லை. என்னவென்று எழுது.

உன் வாயாடி

பிப்ரவரி 19

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடிக்கடைக்காரிக்கு வாழ்த்து. வாயே திறக்காதவளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் இனிமேல்தான் பொருந்தப் போகிறது போலிருக்கிறது. அம்மாவைப் படி ஏற விடாதே. அப்பாவிடம் சொல்லிக் கீழே கட்டில் போடு.

இந்த வீட்டில் போன் பொதுச் சொத்து. அத்தைக்குக் காது மந்தம் என்பதால் எல்லாம் ஸ்பீக்கரில்தான். ஆகவே எப்போது கேட்டாலும் எல்லாரும் சுகம். இனி நான் வேலை பார்க்கும் சலவை நிலையத்தின் விலாசத்துக்கு எழுது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே படித்துவிடுவேன். இங்கே எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

உன் அத்தானுக்கு உடம்பு சரியில்லை. உடம்பு என்று சொல்வதும் சரியில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்புவார். வர்ணம் அடிக்கப் போகும்போது போடுவாரே, வெள்ளையும் பச்சையும் தெறித்த ஷூ, அதில் ஒன்றை மாட்டிக்கொள்வார். இன்னொன்றைக் கையில் எடுப்பார். அப்படியே உட்கார்ந்துவிடுவார். நான் சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து பார்த்தால், அந்த ஷூவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அதே கட்டிலில் இருப்பார். "நான் போட்டு விடட்டுமா?" என்று கேட்டேன். "போட்டுக்கத் தெரியும். எதுக்குப் போடணும்னுதான் தெரியல" என்றார்.

மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். மெதுவாகத்தான் சரியாகும் என்றார். அத்தையிடம், இப்போது வேலை எதுவும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் விசுவாசக் குறைவு என்பார். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் உன் அத்தான்தான்; சபையில் தெரிந்தால் பிள்ளைகளை அனுப்புவார்களோ என்னவோ. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "யாருக்கும் தெரிய வேணாம்."

உன்னிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். பல நாளுக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். "அவளா? அவதான் வாயே திறக்க மாட்டாளே. சொல்லு" என்றார்.

ஆகவே இது உனக்கு மட்டும். அம்மாவுக்குக்கூட வேண்டாம். ஜெபம் பண்ணு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 4

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கட்டிலைக் கீழே போட்டாயிற்று. அத்தான் எப்படி இருக்கிறார்? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்தைக் கடையின் சரக்கறையில் நின்று படித்தேன். ஷூவைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. லென்ஸ் உறைகளை அடுக்கும்போதும் அந்த ஷூதான் கண்ணில் நின்றது. முழங்கால் போட்டால் "ஆண்டவரே, அத்தான்" என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு எழுதினால்தான் ஜெபமே வருகிறது. எழுதினேன்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ தனியாக இல்லை அக்கா. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்.

சபைப் பக்கம் நன்றாகப் போகிறது. பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், ஒரு சகோதரருக்காக ஒரு ஜெப விண்ணப்பம் போட்டேன். நான் எழுதின எதுவும் இப்படிப் பரவினதில்லை. யாரோ அதைக் கூப்பின கைகள் படத்தின்மேல் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போதகர் ஐயா பிரசங்கத்தின் நடுவில் அதை வாசித்தார். பின்னால் இருந்த அம்மாக்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

உன் வாயாடி

மார்ச் 27

செல்ல வாயாடிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கை விரல்கள் கொஞ்சம் வெடித்திருக்கின்றன. சோப்புத் தண்ணீர்தான் காரணம், வேறொன்றுமில்லை.

ஒரு நல்ல செய்தி. நேற்றுக் காலை கட்டிலில் படுத்திருந்தவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூலையில பட்டி பேந்து வந்திருக்கு பார். எவன் அடிச்சது?" என்றார். "நீங்கதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அத்தை வந்து, "என்ன, வேலை ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். சுவரில் பழுது உன் அத்தான் கண்ணில் பட்டால் எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. எல்லாம் உன் ஜெபம்தான்.

நீ போட்டாயே ஒரு விண்ணப்பம், அதை அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு. என் போனில் தேடி எடுக்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சகோதரர் யாராக இருந்தாலும் நானும் ஜெபிக்கிறேன். அவர் வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள் அல்லவா?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 15

அன்பான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கை விரல்களுக்கு இரவில் எண்ணெய் தடவு. அத்தான் சிரித்தார் என்று படித்து எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த விண்ணப்பத்தைக் கேட்டிருந்தாய். தேடி எடுக்க வேண்டும். இந்த மாதம் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நேற்று ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "பழசே நல்லா இருந்துச்சு" என்றார். அந்த அம்மா, "நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார். கடையே சிரித்தது.

மழை வரும் போலிருக்கிறது. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை

மே 6

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை போனை எட்டப் பிடித்துக்கொண்டு, "இதக் கேளுங்க, பெண்கள் ஜெபக் குழுவுல வந்திருக்கு. நெஞ்சே அடைக்குது" என்று வாசிக்க ஆரம்பித்தார். ஒரு சகோதரர். சுவர்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். ஒரு காலில் வர்ணம் தெறித்த ஷூ. மற்றது மடியில், குழந்தை மாதிரி. "போட்டுக்கத் தெரியும். எதுக்குப் போடணும்னுதான் தெரியல."

என் கையில் கரண்டி இருந்தது. பரிமாறவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. உன் அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரைப் பார்த்து, "பிள்ளைங்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லிக் குடுக்கிறவன் நீ. அந்தத் தம்பிக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுப்பா" என்றார்.

அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, அந்தச் சகோதரர நினைச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, முழு ஜெபமும் செய்தார். குரல் நடுங்கவில்லை. அத்தை பெரிதாக ஆமென் சொன்னார். அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அந்த வாரம் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அவ வாயே திறக்க மாட்டான்னு நினைச்சேன்."

பெயர் போடவில்லையே என்று நீ சொல்வாய். ஷூவைப் போட்டாயே. பெயராவது இன்னும் பத்துப் பேருக்கு இருக்கும். அந்த ஷூ அவருக்கு மட்டும்தான். கண்ணாடியைக் கழற்றினவர்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன் என்று எழுதினாய். அந்த மரியாதை கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தானா? என் புருஷனுக்கு இல்லையா?

அந்தச் சகோதரர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் என்று நான் எழுதினேன். அதைப் படித்தும், கடையில் கூட்டம் என்று எழுதினாய்.

நாங்கள் எல்லோரும் சுகம்.

மே 14

அக்கா,

தப்பு என்னுடையது.

பெயர் இல்லை, ஊர் இல்லை என்று சொல்லித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எழுதும்போது ஷூவை எடுத்துவிடலாம் என்று ஒரு முறை தோன்றியது. எடுத்தும் பார்த்தேன். அது இல்லாமல் எல்லா விண்ணப்பமும் போல ஆகிவிட்டது. திரும்பவும் சேர்த்தேன். ஜெபிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. வரி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பரவியபோது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அத்தான் இல்லவே இல்லை. நீ கேட்டு எழுதினபோது பயந்தேன்.

பதிவை அழித்துவிட்டேன். படமாகக் கைமாறிப் போனதை என்னால் பிடிக்க முடியவில்லை. இத்துடன் அத்தானுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

தங்கை

ஜூன் 20

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை. இங்கே நடந்தது வேறு யார் வழியாகவும் உனக்கு வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பதிவை அழித்ததும் எல்லோரும் விசாரிக்கத் தொடங்கினார்கள். "அந்த சகோதரர் எழுந்தாரா?" "எங்க ஜெபம் கேக்கப்பட்டுச்சா?" "சாட்சி போடுங்க." வாலிபர் குழு அண்ணன் ஒரு சாட்சியை எழுதியே கொண்டுவந்தார். நம் ஜெபத்தால் அந்தச் சகோதரர் பூரண சுகம் பெற்று, இரண்டு ஷூவும் போட்டுக்கொண்டு துள்ளி நடக்கிறாராம்.

"நீ லேசா மெருகு போட்டுக் குடு, போதும்" என்றார்.

"அவர் இன்னும் சுகமாகலண்ணா."

"ஆயிடுவாரும்மா. விசுவாசத்துல கொஞ்சம் முன்னாடியே சொல்லிடறோம்."

"அது பொய்ண்ணா."

அவர் திரும்பி என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். என் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டிருப்பார். எனக்கும் அது வேறு யாருடைய குரலோ போலத்தான் இருந்தது.

அன்று சபைப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதினேன்: "அந்த விண்ணப்பத்தை எழுதியது நான். ஒருவருடைய வேதனையை அவரிடம் கேட்காமல் எழுதினேன். ஜெபம் என்ற பெயரில் அதைச் செய்தது என் தவறு. படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவர் யார் என்று தேடாதீர்கள்." உறவு என்று சொல்லவில்லை. சொன்னால் தேடுகிறவர்களுக்கு நானே வழி காட்டினதாக ஆகும்.

சிலர் அழித்தார்கள். பலர் என்னைத் திட்டி எழுதினார்கள். "அடுத்தவன் கண்ணீர வித்து பேர் வாங்கினவ." "ரெண்டு எழுத்து படிச்சதும் தலை கால் புரியல." ஒவ்வொன்றுக்கும் எனக்குள் பதில் தயாராக இருந்தது அக்கா. ஒவ்வொன்றும் சுருக்கென்று தைக்கும். ஷூ வரி மாதிரியே நன்றாக வந்திருந்தது. அதனால்தான் போடவில்லை.

போதகர் ஐயா கூப்பிட்டார். "மேடையில ஏறி வாசிச்சது நான். யாரு என்னன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு அதைச் சபையின் முன்பாகவும் சொன்னார். பக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். சரிதான் என்றேன்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

தங்கை

ஜூலை 25

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தான் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். எனக்குச் சுவரில்தான் கை நேராகப் போகும்.

உன் தாளை உன் அக்கா கிழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "எப்ப வேணுமோ அப்ப படிங்க" என்றாள். எனக்குத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

மேஜையில் நடந்ததை அவள் எழுதியிருப்பாள். அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்காக ஜெபிக்க எனக்கு வெகுநாளாக வாய் வரவில்லை. சோம்பேறி, விசுவாசமில்லாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டு நிறுத்திவிடுவேன். அன்று அந்தச் சகோதரருக்காக என்றதும் வார்த்தை தானாக வந்தது. அவரைத் திட்டத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, நீ செய்தது நல்லதாகத்தான் முடிந்தது என்று நினைத்துவிடாதே. பெற்ற தாயின் முன்னால் யாரோ என் துணியை உருவினது போல உட்கார்ந்திருந்தேன். நல்லது நடந்ததால் அது நடக்காமல் போய்விடாது.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரர் நான்தான் என்றேன். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்போ அன்னைக்கு நான் ஆமென் சொன்னது உனக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா சொல்லியிருப்பேனே" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஈரம் காய்வதற்குள் அடுத்த பூச்சு பூசினால் மொத்தமாக உரிந்துவிடும். கொஞ்சம் காயட்டும். சுவர் எங்கேயும் போகாது, நானும் போகமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

ஆகஸ்ட் 9

வாயாடிக்கு,

சுகமாக இருக்கிறாயா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு விரல் வெடிப்பு ஆறிவிட்டது. நீ சொன்ன எண்ணெய்தான் தடவினேன்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். சின்ன வேலை, ஒரு வீட்டின் சமையலறை மட்டும். இரண்டு ஷூவையும் அவரே போட்டுக்கொண்டார். நான் பார்க்காதது போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை. புதன்கிழமை போனார். மாத்திரை தொடர்கிறது. அத்தை இப்போது மாத்திரை வேளையை எங்களுக்கு ஞாபகப்படுத்துகிறார், தெருவுக்கே கேட்கும் குரலில்.

இதை உனக்கு எழுதச் சொன்னது உன் அத்தான்தான். நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது, என்னைப் பற்றியது. அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவும் அப்பாவும் சுகம். அம்மா இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறுகிறாள். ஏறிவிட்டு எங்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள். அத்தைக்கு என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தைச் சரக்கறையில் நின்று படித்தேன். படித்துவிட்டு வெளியே வந்தபோது முதலாளி, "என்னம்மா, முகம் வெளிச்சமா இருக்கே, என்ன விசேஷம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம். யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா என்று போதகர் ஐயா கேட்டார். வாலிபர் குழு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். அந்தச் சகோதரரை அவர்கள் மறக்கவில்லை. எனக்குள் திங்கட்கிழமை இருந்தது, இரண்டு ஷூ இருந்தது, சமையலறைச் சுவர் இருந்தது. எழுந்து நின்று சொன்னால் சபை முழுக்க அழுதிருக்கும். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். இத்தனை நாளும் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அன்று பயம் இல்லை. சொல்ல ஆசையாகக்கூட இருந்தது. மூடிக்கொண்டேன்.

முழங்கால் போட்டபோது "ஆண்டவரே, அத்தான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவ்வளவே போதும் என்று எழுந்துவிட்டேன்.

அந்த இன்னொரு விஷயத்தை நீ எழுத வேண்டாம். மனம் வரும்போது நேரில் சொல். வராவிட்டால் அது உன்னிடமே இருக்கட்டும்.

அத்தான் சுகமா? நீ சுகமா? பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்டுவிட்டேன்.

உன் வாயாடி